பழுதுற்ற எஞ்சினும் நாங்கள் எடுத்த முடிவும்

உடைந்த பொருளைத் தூக்கி எறிவது எளிது. அதை மீண்டும் உழைக்க வைப்பது அரிது. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு புறம் பாடி, மறு புறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, நடுவே ஓயாமல் லாரிகள் ஓடும் எம்.டி.எச். சாலை. 1960-களில் தொழிற்பேட்டை அமைந்த நாள் முதல் இப்பகுதி மக்களின் வாழ்வு இயந்திரங்களோடு பின்னிக் கிடக்கிறது. எங்கள் தந்தை அங்கே ஒரு சிறு பட்டறையில் டர்னராக வேலை பார்க்கிறார். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டையில் கட்டிங் ஆயில் மணமும், காலணியில் இரும்புச் சுருள்களும் உடன் வரும்.

அன்புத் தோழியரே! "பெண் பிள்ளைகள் எழுதும் மலரில் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் வியக்கலாம். எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு எழுதும் பொறுப்பு, பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கும் அக்காள் தங்கையராகிய எங்களுடையது. வீட்டில் எந்தச் செலவு வந்தாலும் அது எங்கள் நோட்டைக் கடந்தே ஆக வேண்டும். அப்படித்தான் ஓர் எஞ்சினும் எங்கள் நோட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அந்த வண்டி எங்கள் தாய்மாமாவுடையது. ஆவடியில் வசிக்கும் அவர், இளமையில் மண் தடப் பந்தயங்களில் ஓட்டியவர். சென்னைக்குப் பந்தயம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரத்தில் அமைந்த விமான ஓடுதளத்தில், பிற்காலத்தில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1990-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தடம் அமைந்தது. அவை தார்ச் சாலையில் நடப்பவை. மண்ணில் நடப்பது வேறு வகை. மேடு, பள்ளம், புழுதி, குதிப்பு எல்லாம் அதில் உண்டு. இதற்கென்றே செய்த வெளிநாட்டு வண்டிகள் அன்று எட்டாக் கனியாக இருந்ததால், சாலை வண்டிகளையே மாற்றிக்கொண்டு பலர் இறங்கினார்கள். மாமா அவ்வாறு மாற்றியது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985-இல் வெளிவந்து, 1996-இல் உற்பத்தி நின்று போன வண்டி அது. முகப்பு விளக்கையும் மட்கார்டையும் கழற்றி, உயரமான ஹேண்டில் பாரும் கட்டை டயர்களும் பூட்டி, அவர் அதற்குப் புது உருவம் கொடுத்திருந்தார். பாலிடெக்னிக் முடித்துத் தொழில் பழகுநராக இருக்கும் எங்கள் அண்ணனுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டியைக் கொடுத்தார்.

சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிறன்று, பயிற்சித் திடலில் அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிப் பிடித்துக்கொண்டது. பட்டறைக்காரர்கள் இதை "சீஸ் ஆயிடுச்சு" என்பார்கள். எஞ்சின் நின்றதும் பின் சக்கரமும் நின்றது. வண்டி வழுக்கி அண்ணன் விழுந்தான். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்திருந்ததால் தோள்பட்டைப் பிசகோடு தப்பினான்.

எஞ்சின் ஏன் இறுகுகிறது? இது இரு வீச்சு எஞ்சின். இதில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி கிராங்கின் அடியில் கிடையாது. பெட்ரோலும் காற்றும் அவற்றோடு கலந்த எண்ணெயும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், பிறகு சிலிண்டருக்குள் ஏறுகின்றன. அந்தக் கலவையே எரிபொருள், அதுவே மசகு, ஓரளவு குளிர்விப்பதும் அதுவே. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன், சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவரை விட விரைவாகப் பெருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் ஒரு சில பங்குதான். அந்த இடைவெளி மறைந்தால் பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு அன்று இரவே தொடங்கிற்று. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கேட்டறிந்த தொகைகளை நாங்கள் நோட்டில் வரிசையாக எழுதினோம்.

முதல் வழி, உள்ளது உள்ளபடி விற்றுவிடுவது. இது அம்மாவின் யோசனை. இரண்டாவது, பழைய வண்டிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையில் வேறொரு பழைய எஞ்சினை வாங்கி மாட்டுவது. இதற்கு 20,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மூன்றாவது, சிலிண்டரை மட்டும் கழற்றி, ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போடுவது. 5,500 ரூபாய், மூன்றே நாள் வேலை. நான்காவது, எஞ்சினையே இறக்கி, கிராங்க் அறையைப் பிளந்து முழு வேலை பார்ப்பது. இதற்கு 13,000 ரூபாய் வரை ஆகும். ஐந்தாவது, பந்தய வண்டிகளுக்குப் பெயர்போன கோயம்புத்தூருக்கு அனுப்புவது. அதற்கு 28,000 ரூபாய், லாரி வாடகை தனி.

மாமா மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பந்தயத்திற்கு ஐந்து வாரங்களே இருந்தன. அண்ணன் நுழைவுக் கட்டணமும் கட்டியிருந்தான். "மேல் வேலை பார்த்தா போதும். நாங்க அந்தக் காலத்துல ராத்திரியே பிஸ்டன் மாத்தி காலையில ஓட்டியிருக்கோம்" என்றார். அண்ணனுக்கோ இரண்டாவது வழியில் ஆசை. அப்பா குறுக்கிட்டார். எஞ்சின் எண் கிராங்க் அறையின் மீது பொறிக்கப்பட்டிருக்கும். பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்திருக்க வேண்டும். வேறு எஞ்சின் மாட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். "அது யார் வண்டியில இருந்து வந்ததுன்னே தெரியாம வாங்கக் கூடாது. அதுவும் உள்ளே எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று அவர் கேட்டதும் அண்ணன் வாய் திறக்கவில்லை.

கையில் இருந்த பணம் எவ்வளவு? அம்மா எடுத்த சீட்டுப் பணம் 24,000 ரூபாய். அதுவும் சமையலறைக் கூரைக்கென்று எடுத்தது. அங்கே கல்நார் ஓடு இரண்டு இடங்களில் விரிசல் கண்டிருந்தது. சென்ற ஆண்டு மழையில் அடுப்புக்கு மேலே குடை பிடித்துச் சமைத்ததை நாங்கள் மறக்கவில்லை. எஞ்சினுக்கு எடுத்தால் கூரை இல்லை. கூரைக்கு எடுத்தால் எஞ்சின் இல்லை. எங்கள் நோட்டில் இரு பக்கமும் எழுதிப் பார்த்தும் கணக்கு இடிக்கவே செய்தது.

பேச்சு வளர்ந்துகொண்டே போன ஒரு மாலையில், முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "இவ்வளவு பேசுறீங்களே, அது ஏன் பிடிச்சுக்கிச்சுன்னு யாராவது சொன்னீங்களா? மறுபடியும் அதே மாதிரி பிடிச்சுக்கிட்டா என் புள்ள என்ன ஆவான்?"

யாரிடமும் பதில் இல்லை. எஞ்சினை எங்கே கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாளில் வாங்குவது என்று ஒரு வாரம் பேசியிருந்தோம். ஏன் கெட்டது என்பதற்கு நோட்டில் ஒரு வரியும் இல்லை. தங்கை புதுப் பக்கம் திருப்பி, மேலே "காரணம்" என்று எழுதி, கீழே வெறுமையாக விட்டாள். அது நிரம்பும் வரை பணம் எடுப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

கொரட்டூரில் ஒரு முதிய மெக்கானிக் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. அண்ணன் வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனான். நாங்களும் அப்பாவுடன் சென்றோம். சிலர் பார்த்தவுடன் ஸ்பேனரை எடுப்பார்கள். இவர் முதலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். எண்ணெய் எந்த அளவில் கலந்தாய்? ஏர் ஃபில்டரை எப்போது கழுவினாய்? ஆக்சிலேட்டரை விட்ட பிறகு எஞ்சின் உடனே அடங்கிற்றா, இரைந்துகொண்டே இருந்ததா? கடைசிக் கேள்விக்கு அண்ணன், "ஒரு மாசமாவே இரைச்சல் உடனே அடங்காது தாத்தா. கார்புரேட்டர் டியூனிங்னு நினைச்சோம்" என்றான். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அதன் முனை சாக்கட்டி போல வெளுத்திருந்தது. "பாப்பா, இது வறட்டிப் பழுப்பா இருக்கணும். வெளுத்திருந்தா எஞ்சின் காத்தை அதிகமா குடிக்குதுன்னு அர்த்தம். எங்கே குடிக்குதுன்னு பார்ப்போம்" என்றார்.

அவர் செய்த சோதனை எங்கள் அறிவியல் கூடத்தில் செய்வது போன்றே எளியது. ஆறிய பின் பிஸ்டன் விடுபட்டிருந்தது. காற்று நுழையும் வழியையும் புகை போகும் வழியையும் ரப்பர் வைத்து அடைத்தார். இடப்புறம் மேக்னெட்டோவைக் கழற்றினார். சைக்கிள் பம்பால் மெதுவாகச் சிறிது காற்றை உள்ளே செலுத்தி, சோப்பு நுரையைத் தடவினார். கிராங்க் முனையைச் சுற்றியுள்ள ஆயில் சீலின் ஓரத்தில் குமிழிகள் வரிசையாகப் புறப்பட்டன. அந்த ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. கார்புரேட்டரில் எவ்வளவு அளந்து விட்டாலும், இந்தத் திருட்டு வழியில் காற்று நுழைந்து கலவையைக் கெடுத்து வந்திருக்கிறது. தங்கை "காரணம்" என்ற தலைப்பின் கீழ் எழுதினாள்: இடப்புற ஆயில் சீல்.

மேல் வேலை மட்டும் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதுப் பிஸ்டனும் அதே காற்றைக் குடித்து, அதே சூட்டில், அநேகமாகப் பந்தயத்தின் நடுவிலேயே இறுகியிருக்கும்.

பிறகு சிலிண்டரைக் கழற்றினார்கள். பிஸ்டனின் பக்கங்களில் அலுமினியம் உருகி இழுபட்ட கோடுகள் இருந்தன. கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தது. கிராங்க் அறையில் விரல் விட்டு எடுத்தபோது மினுமினுப்பாக உலோகத் துகள்கள் ஒட்டின. அவை பேரிங்குக்குள் புகுந்தால் அரைத்துவிடும். அறையைப் பிளக்காமல் அவற்றை முழுவதும் கழுவ இயலாது. ஆகவே, முழு வேலை என்பதை எஞ்சினே சொல்லிவிட்டது.

அப்பா தம் பட்டறையிலிருந்து போர் கேஜ் கொண்டு வந்தார். சிலிண்டரின் மேல், நடு, அடி என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில் அளந்தார். ஆறு எண்களையும் நாங்கள் குறித்தோம். வட்டம் எங்கே நீள்வட்டமாகி இருக்கிறது, எங்கே அகன்றிருக்கிறது என்பது அந்த ஆறு எண்களிலேயே தெரிந்தது. புதிதில் இந்தச் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், வீச்சும் 50. கணித வகுப்பில் படிக்கும் உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தோம். 98 கன சென்டிமீட்டர் வந்தது! வண்டியின் பெயரில் உள்ள நூறு அங்கிருந்து பிறந்தது என்று கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. முன்பே 0.50 மில்லிமீட்டர் போர் செய்யப்பட்டிருந்தது. இப்போதுள்ள கீறல் மறைய 1.00 வரை போக வேண்டும். பெரிதாக்கிய பிஸ்டன்களில் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய கடைசி அளவு அதுவே. இதற்கு மேல் கெட்டால் பழைய சுவரை எடுத்துவிட்டுப் புது ஸ்லீவ் இறக்க வேண்டும். அந்தச் சிலிண்டருக்கு இருந்தது இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

அன்று இரவு முடிவு எடுத்தோம். முழு வேலை, கொரட்டூர்ப் பட்டறையிலேயே. ஆனால் அவசரமாக அன்று. சீட்டுப் பணம் கூரைக்கே போகும். எஞ்சின் வேலை, பணம் வர வர, படிப்படியாக நடக்கும். அப்படியானால் ஜூலைப் பந்தயம் இல்லை. கட்டிய நுழைவுக் கட்டணமும் திரும்ப வராது. அண்ணன் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அவன் எவ்வளவு கொடுத்தான் என்பது எங்களுக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி செய்தவன் அவன்.

பணம் இவ்வாறு சேர்ந்தது: அண்ணன் தன்னிடமிருந்த பந்தய சைலன்சர் ஒன்றை விற்று 4,000 ரூபாய், மாமா தந்தது 3,000, மீதி அண்ணன் மூன்று மாத உதவித்தொகையில் சேமித்தது. மாமா முதலில் முகம் கோணினாலும், குமிழிகளைப் பற்றிக் கேட்டதும் தாமே வந்து பாகங்களைப் பெட்ரோலில் கழுவினார். ஆகஸ்டில் கூரை மாறிற்று. செப்டம்பரில் எஞ்சின் முடிந்தது.

வேலை நடந்த முறையையும் சிறிது கூறுகிறோம். உங்கள் வீட்டு வண்டிக்கும் பயன்படலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பவே சிலிண்டரைப் போர் செய்ய வேண்டும். பிஸ்டன் செய்யும் தொழில் சென்னைக்கு நெடுநாள் பழக்கம்; செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949-இலேயே தொடங்கிற்று. அளவு பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தாலும், அளக்காமல் நம்பக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். போர் செய்தபின் ஹோன் செய்து சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இட வேண்டும். அவற்றில்தான் எண்ணெய் தங்கும். இரு வீச்சுச் சிலிண்டரின் சுவரில் வாயுக்கள் போகும் துளைகள் உண்டு. போர் செய்ததும் அவற்றின் விளிம்பு கத்தி போலக் கூராகிவிடும். அதை மழுக்காமல் விட்டால் பிஸ்டன் ரிங் சிக்கி உடையும். புது ராடு போட்ட கிராங்கை இரு மையங்களுக்கிடையே சுழற்றி, டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்க்க வேண்டும். எல்லாம் பூட்டிய பின் மீண்டும் அதே சோப்பு நுரைச் சோதனை. இம்முறை ஒரு குமிழியும் இல்லை.

மொத்தச் செலவு 12,450 ரூபாய். அதில் ஆயில் சீல்களின் விலை 450. இந்த 450 ரூபாய்ப் பொருளே மற்ற 12,000 ரூபாய்க்கும் காரணம் என்று நோட்டில் சிவப்பு மையால் கோடிட்டோம்.

புது எஞ்சினை உடனே விரட்டக் கூடாது. சில வாரங்கள் அண்ணன் மெதுவாக ஓட்டிப் பழக்கினான். பிறகு ஒரு நாள் பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து, முதலில் அம்மாவிடம் காட்டினான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வறட்டிப் பழுப்பு நிறம். "இனிமே ஓட்டலாமா?" என்று அண்ணன் கேட்க, "ஓட்டு. மாசத்துக்கு ஒரு தடவை இதை என்கிட்ட காட்டணும்" என்றார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இக்கதையைக் கேட்ட அக்கம்பக்கத்தார் சிலர், "பெண்களுக்கு எதற்கம்மா இந்தக் கிரீஸும் ஆயிலும்?" என்றார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2019-இல் பாலைவன, மண் தடப் பந்தயங்களுக்கான பாஹா உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்றார் என்று அவர்களிடம் கூறினோம். ஆயினும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, எஞ்சினைக் காப்பாற்றிய கேள்வியைக் கேட்டவர் வண்டியே ஓட்டத் தெரியாத எங்கள் அம்மாதான்.

தோழியரே! பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும், தோழியோடு மனம் கசந்தாலும், வீட்டில் ஒரு பொருள் கெட்டாலும், உடனே மாற்று வழி தேடி ஓடுகிறோம். எங்கே கொடுப்பது, எவ்வளவு ஆகும் என்ற கேள்விகள் தாமாகவே வந்துவிடும். ஏன் கெட்டது என்ற கேள்வியை மட்டும் நாம்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்டபின், அளந்து பார்க்கவும், அந்த விடைக்காகச் சில வாரம் காத்திருக்கவும் மனம் வேண்டும். உங்கள் நோட்டிலும் "காரணம்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தை ஒதுக்கி வையுங்கள். அது நிரம்பிய பிறகு செலவுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி